மஞ்சள் அட்டை யாருக்காக?



செட்டிநாட்டுக்குக் கடல் கடந்த பிழைப்பு புதிதல்ல. அன்று நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். இன்று டிப்ளமோ முடித்த நம்ம சீனியர்கள் துபாய், சிங்கப்பூரோடு நிற்காமல் நைஜீரியா, கானா, அங்கோலா என்றும் கிளம்புகிறார்கள். சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா, ரூம் கொடுப்பாங்களா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். "அங்கே என்ன காய்ச்சல் இருக்கு, எந்த ஊசி போடணும்?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

மேலே சொன்ன ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அவசியம். (மஞ்சள் காமாலை வேறு, இது வேறு!) சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே அந்த மஞ்சள் அட்டை செல்லும். ஆகவே டிக்கெட் கைக்கு வந்த பிறகு ஓடிப் பயனில்லை. 2016 முதல் ஒரே ஊசி ஆயுள் முழுதும் செல்லும்.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஓர் ஏஜெண்ட் சொன்னாராம்: "ஊசியெல்லாம் எதுக்கு தம்பி? அட்டையை நான் வாங்கித் தர்றேன்!" இதைத்தான் வன்மையாகக் கண்டிக்கிறேன். அட்டை அதிகாரியை ஏமாற்றலாம், கொசுவை ஏமாற்றுமா? இந்த நோய்க்கென்று தனி மருந்தும் கிடையாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. நமக்கு டெங்கு கொடுப்பதும் அதுவேதான்! முற்றத்து அண்டாவிலும் பழைய டயரிலும் வளர்கிறது. நோயோடு ஒருவர் வந்து இறங்கினால் போதும். அதனால்தான் அந்த நாடுகளிலிருந்து அட்டையில்லாமல் வருபவரை 6 நாள் வரை தனியே வைக்கிறார்கள். 2016-இல் அங்கோலாவிலிருந்து திரும்பிய 11 பேர் இந்த நோயைச் சீனாவுக்குக் கொண்டுவந்தார்கள். நல்லவேளை, அங்கே பரவவில்லை.

மலேரியாவுக்கு யாரும் அட்டை கேட்பதில்லை. அதனால் மறந்தே போகிறோம். டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை ஊர் திரும்பிய பிறகும் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். கொசுவலை கட்டாயம். திரும்பி வந்தபின் காய்ச்சல் என்றால், எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லணும்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள்: இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம், அரசு டாக்டர் ஒருவரை அழைத்து இதைப் பேசச் செய்யுங்கள். சம்பாதிக்கப் போகிறவன் பணத்தோடு வரட்டும், நோயோடு வரவேண்டாம்!