ஆறடி பத்தங்குலத்துக்கு அப்பால்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள தேநீர்க்கடைகளில், வழக்குக்குத் தவணை கிடைத்த ஆறுதலோடு வந்தமர்பவர்களும், சட்டத்தரணியின் வரவை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களும், பத்திரிகையைப் பெரும்பாலும் கடைசிப் பக்கத்திலிருந்தே வாசிக்கத் தொடங்குகிறார்கள். முதற்பக்கத்து அரசியலை நம்பாதவர்கள்கூட விளையாட்டுச் செய்தியை நம்புகிறார்கள். ஓட்டங்களும் விக்கெட்டுகளும் பொய் சொல்லா என்பது அவர்களுடைய அபிப்பிராயம். எண்களைப் பொறுத்தவரையில் அது உண்மையே. ஆனால் அந்த எண்களைச் சூழ்ந்து எழுதப்படும் வாக்கியங்களைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. விளையாடியவர் பெண்ணாக இருந்துவிட்டாலோ, அவ்வாக்கியங்கள் மைதானத்தை விட்டு விலகி, அவளுடைய சரீரத்தையும் உடையையும் குடும்பத்தையும் சுற்றிவரத் தொடங்கிவிடுகின்றன.

யாழ்ப்பாணத்து ஈவினைக் கிராமம் தந்த தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி நம்மவர் அறிந்தது யாது என்று விசாரித்தால், முதலில் வரும் விடை அவர் ஆறடி பத்தங்குல உயரமுடையவர் என்பதாகவே இருக்கும். ஆசியாவின் வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கைக்கு மீண்டும் மீண்டும் வென்று தந்த அணிகளில் அவர் ஆடியதும், 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மற்றெல்லா நாட்டாரையும் விட அதிகமான கோல்களை எய்ததும், அவுஸ்திரேலியக் கழகங்கள் அவரை அழைத்து ஆட வைத்ததும், அந்த அங்குலக் கணக்குக்குப் பின்னரே நினைவுக்கு வருகின்றன, சிலருக்கு வருவதேயில்லை.

உயரம் அநுகூலந்தான், அதை மறுப்பது பேதைமை. எனினும் அந்த ஆட்டத்தின் இலட்சணத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஓர் அணிக்கு ஏழு பேர்; அவர்களுள் எய்யும் உரிமை இருவருக்கே உண்டு; அவர்களும் பதினாறு அடி ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்றே எய்ய வேண்டும். பந்து கைக்கு வந்த மூன்று விநாடிக்குள் அது கையை விட்டு அகன்றாக வேண்டும். எதிரே மூன்றடி தள்ளி நிற்பவள் கரங்களை உயர்த்தி வளையத்தை மறைப்பாள். பத்தடி உயரத்திலுள்ள அந்த வளையத்தின் பின்னால், கூடைப்பந்தாட்டத்தில் இருப்பதுபோன்ற பலகை கிடையாது. ஆகவே சற்றே பிழைபட்ட பந்தைத் திருப்பி உள்ளே தள்ளிவிடுவதற்கு யாதொரு துணையுமில்லை. இரு காவற்காரிகளின் நடுவே உயர வரும் பந்தைப் பற்றி, ஊன்றிய பாதம் பிசகாமல் நிலைகொண்டு, அடுத்த கணத்தில் மணிக்கட்டின் மெல்லிய அசைவால் அதை வளையத்துக்குள் இறக்குவது பிறவியால் வந்த பாக்கியமன்று. வருஷக்கணக்கான அப்பியாசத்தால் வந்த வித்தை. அந்த வித்தையை விவரித்து நம் பத்திரிகைகளில் எத்தனை பந்திகள் வெளிவந்தன?

ஆண்களின் சரீரத்தையும் எழுதத்தானே செய்கிறார்கள் என்று ஆட்சேபிக்கலாம். உண்மை, முத்தையா முரளிதரனின் முழுமையாக நிமிராத முழங்கையைப் பற்றி உலகம் முழுவதும் எழுதித் தள்ளிற்று, அவற்றுள் குரோதமும் நிறத்துவேஷமும் கலந்தவை இல்லாமலுமில்லை. ஆயினும் அந்த எழுத்தெல்லாம் இறுதியில், பந்து எவ்வாறு திரும்புகிறது, விதி அதை அநுமதிக்கிறதா என்ற ஆராய்ச்சியாகவே முடிந்தது. 800 டெஸ்ட் விக்கெட்டுகளுக்கு அந்தக் கை கருவியாயிற்று. ஆணின் அங்கம் கருவியாக நோக்கப்படும்போது பெண்ணின் அங்கம் காட்சிப்பொருளாக நிறுத்தப்படுகிறது என்பதே என் முறைப்பாடு.

கோபத்திலும் இதே பாரபட்சம் உண்டு. 1999 ஜனவரியில், முரளிதரனுக்காக நடுவரோடு வாதாடி, அடிலெய்ட் மைதானத்தின் எல்லைக்கோடு வரை தம் அணியை அழைத்துச் சென்ற அர்ஜுன ரணதுங்கவின் சினத்தை நாம் தலைமைப் பண்பு என்று கொண்டாடினோம். சிட்னியில் 2000ஆம் ஆண்டு 200 மீற்றர் ஓட்டத்தை 22.28 விநாடியில் ஓடி, டங்கன் வைற்றுக்கு ஐம்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் இந்நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் கொணர்ந்த சுசந்திகா ஜயசிங்க அதிகாரிகளோடு முரண்பட்டபோதோ, அது வாய்த்துடுக்கு என்று சொல்லப்பட்டது. முதலில் கிடைத்த வெண்கலம், அவ்வோட்டத்தில் முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸின் ஊக்கமருந்துக் குற்றம் வெளிப்பட்ட பின் வெள்ளியாக உயர்ந்தது. அவரைப் பற்றிய அபிப்பிராயம் அவ்விதம் உயர்ந்ததாகத் தெரியவில்லை.

இவையெல்லாவற்றிலும் கொடியது தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினப் பரிசோதனை ஒன்றின் பேரில் அது சில நாட்களிலேயே பறிக்கப்பட்டது. வைத்தியருக்கும் அவருக்கும் இடையே இருக்கவேண்டிய அந்தரங்கம், ஊர் பேர் படம் சகிதம் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் தீனியாயிற்று. பிறப்பிலேயே உடல் கொள்ளக்கூடிய இயல்பான வேறுபாட்டை மோசடி என்ற தொனியில் எழுதினார்கள். அவர் தற்கொலைக்கு முயன்றார் என்பது அடுத்த செய்தியாயிற்று. ஒருவரைத் தண்டிக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற நியாயம் புதுக்கடையில் வழக்காட வரும் சாமானியரும் அறிந்தது. இங்கேயும் சாட்சிக்கூண்டேறும் பெண்ணிடம் நடந்த சம்பவத்தைக் காட்டிலும் அவள் நடையுடையைத் துருவும் குறுக்கு விசாரணைகள் நடக்காமலில்லை. ஆனால் ஆட்சேபித்து எழுந்து நிற்க ஒரு சட்டத்தரணியாவது இருப்பார். அச்சில் ஏறிய பெண்ணுக்கு அதுவும் வாய்ப்பதில்லை. பின்னாளில் இத்தகைய சோதனைக்கு ஆளான ஒடிசாவின் டூட்டி சந்த், லொசானிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தை நாடியே 2015இல் அச்சோதனைக்கு ஆதாரமான விதியை இடைநிறுத்தச் செய்தார். சாந்தியின் பதக்கமோ மீளவில்லை.

வீராங்கனைகளே கைத்தொலைபேசியை உயர்த்தி அலங்காரத்தோடு படமெடுத்துப் பிரசுரிக்கிறார்களே, பிறகு தோற்றத்தைப் பற்றி எழுதினால் என்ன குற்றம் என்று கேட்போர் உண்டு. பரிசுப் பணமும் சம்பளமும் ஆண்களுக்குக் கிடைப்பதில் சிறு பங்காக இருக்கும் துறையில், விளம்பரத்தால் வரும் வருவாயை நாடுவது ஜீவனோபாயம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் மேலாக, தன்னை எவ்வாறு காட்டிக்கொள்வது என்று ஒருத்தி தீர்மானிப்பது வேறு. அவளைக் கேளாமல் பிறர் தீர்மானிப்பது வேறு. 2021இல் நோர்வேயின் கடற்கரைக் கைப்பந்தாட்டப் பெண்கள், விதித்த சிற்றுடையை மறுத்துக் குறுங்காற்சட்டை அணிந்ததற்காக அவர்கள் அணிக்கு 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. தலையை மறைத்து ஆட விரும்பிய முஸ்லிம் பெண்களோ, உதைபந்தாட்டத்தில் 2014 வரையும் கூடைப்பந்தாட்டத்தில் 2017 வரையும் அநுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் துணி அதிகம், மற்றோரிடத்திலும் துணி அதிகம். உடுத்துபவளை மட்டும் எவரும் கேட்கவில்லை.

2024 ஜூலை 28ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, தம்புள்ளையில் சமரி அத்தபத்து தலைமையிலான மகளிர் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதே நாளில் பல்லேகலையில் நமது ஆடவர் அணி அதே இந்தியாவிடம் தோற்றது. அதற்குப் பின்னரும் சமரியைப் பெண் ஜயசூரிய என்றழைப்பவர்கள் அதைப் புகழ்ச்சியாகவே கருதுகிறார்கள். 2017இல் இந்தியக் கிரிக்கெட் வீராங்கனை மிதாலி ராஜிடம் அவருக்குப் பிடித்த ஆண் வீரர் யாரென்று வினவப்பட்டபோது, ஆண் வீரர்களிடம் பிடித்த பெண் வீராங்கனை யாரென்று கேட்பதுண்டா என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தப் பதிலை எல்லோரும் சிலாகித்தார்கள், ஆணைக் கொண்டு பெண்ணை அளக்கும் பழக்கத்தை விட்டவர்கள் சிலரே.

பாடசாலைகளின் பெருஞ்சமர்க் காலத்தில், றோயலுக்கும் சென்.தோமஸுக்கும், யாழ்ப்பாணம் மத்திக்கும் சென்.ஜோன்ஸுக்கும் நம் பத்திரிகைகள் ஒதுக்கும் இடத்தைப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பையனின் துடுப்பாட்டப் பாணி, பந்துவீச்சின் நெளிவு, தலைவனின் வியூகம் யாவும் சாங்கோபாங்கமாக வருகின்றன. பெண் பிள்ளைகளின் வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டிக்கோ, கிண்ணத்தோடு நிற்கும் ஒரு குழுப்படமும் பிரதம விருந்தினரின் திருநாமமும் போதுமென்றாகிவிடுகிறது. விளையாட்டுப் பக்க ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. அடுத்த முறை அந்த இறுதிப் போட்டிக்கு, விதி தெரிந்த ஒரு நிருபரை அனுப்புங்கள். எய்தவள் பெயரையும், எத்தனை எய்து எத்தனை விழுந்தன என்ற கணக்கையும், தடுத்தவள் எவ்வாறு தடுத்தாள் என்பதையும் அச்சிடுங்கள். பிரதம விருந்தினரின் பெயரை, இடம் மிஞ்சினால் போட்டுக்கொள்ளலாம்.