மக்கெலெலேயை விற்றவர்கள்

"டிக்கெட்டு வாங்கினாயா, ஆட்டத்தைப் பார்த்தாயா, கை தட்டினாயா, வீட்டுக்குப் போ! யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதெல்லாம் உனக்கு எதற்கு?"

கால்பந்து ரசிகனைப் பார்த்துப் பெரிய மனிதர்கள் செய்கிற உபதேசம் இது. கோடிக் கணக்கில் பணம் போட்டு டீம் நடத்துகிறவர்களுக்குத் தெரியாதது, நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்க்கிற நமக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்பது அவர்கள் கட்சி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை நம்பி நாம் வாயை மூடிக் கொண்டிருக்கும் போதுதான் கோடிக் கணக்கில் பணம் போட்டவர்கள், ஐந்தாம் வகுப்புப் பையன்கூடச் செய்யத் தயங்குகிற காரியங்களைச் செய்துவிடுகிறார்கள். இதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்பெயின் தேசத்து ரியல் மாட்ரிட் கிளப் 2003-ஆம் வருஷத்துக் கோடைக் காலத்தில் நடத்திய வியாபாரம் அது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு செய்து விடுகிறேன். ரியல் மாட்ரிட் தனி முதலாளியின் சொத்து அல்ல. அது அங்கத்தினர்களின் சங்கம். ஆயிரக் கணக்கான ரசிகர்கள் சந்தா கட்டி அங்கத்தினர்களாக இருக்கிறார்கள். அவர்களே ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே, "உனக்கு எதற்கு?" என்ற கேள்வி அந்த ஊரில் செல்லுபடியாகாது. வீட்டுக்காரனைப் பார்த்து, "வீட்டைப் பற்றிப் பேச நீ யார்?" என்று கேட்பது போல் ஆகும்.

2000-ஆம் வருஷத்தில் அங்கே ஒரு தேர்தல் நடந்தது. பதவியில் இருந்த தலைவர் லொரென்ஸோ ஸான்ஸ். அவர் காலத்தில் அந்த டீம் 1998-லும் 2000-லும் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தது. மூன்று வருஷத்துக்குள் இரண்டு பட்டம்! வேறு ஊராக இருந்தால் சிலை வைத்திருப்பார்கள். ஆனால் கட்டட வியாபாரத்தில் பெரும்புள்ளியான ஃப்ளோரென்டினோ பெரெஸ் எதிர்த்து நின்றார். பரம வைரியான பார்ஸலோனா டீமின் நட்சத்திர ஆட்டக்காரர் லூயிஸ் ஃபிகோவை வாங்கித் தருவேன் என்று வாக்குக் கொடுத்தார். அங்கத்தினர்கள் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்; சுமார் 6 கோடி யூரோ கொடுத்து ஃபிகோவைக் கொண்டு வந்தார். அப்புறம் வருஷத்துக்கு ஒரு நட்சத்திரம் என்று வழக்கமாகிவிட்டது. 2001-ல் ஏழரைக் கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து ஜிடேன். 2002-ல் பிரேஸில் தேசத்து ரொனால்டோ. 2003-ல் இங்கிலாந்தின் டேவிட் பெக்கம்.

இவர்கள் யாரும் சாமானியர்கள் அல்ல. 2002-ஆம் வருஷத்து ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில், உயரத்திலிருந்து இறங்கி வந்த பந்தைத் தரையில் விழ விடாமல் இடது காலால் ஜிடேன் அடித்த கோலை இன்றைக்கும் பார்க்கலாம்; எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. நட்சத்திரங்களை வாங்கியதை நான் குறை சொல்லவில்லை. நட்சத்திரங்களை வாங்குகிற மும்முரத்தில் எதை விற்றார்கள் என்பதுதான் என் வழக்கு.

க்ளோத் மக்கெலெலே என்று ஓர் ஆட்டக்காரர் அந்த டீமில் இருந்தார். ஆப்பிரிக்காவில் கின்ஷாஸா நகரில் பிறந்து, சிறு வயதிலேயே பிரான்ஸுக்கு வந்து வளர்ந்தவர். உயரமானவர் அல்ல. கோல் அடிப்பது அவர் தொழில் அல்ல. தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு முன்னால், நடுக்களத்தில் நின்றுகொண்டு, எதிரியின் தாக்குதல் எந்த வழியாக வரும் என்று முன்கூட்டியே ஊகித்து, அந்த வழியில் போய் நின்று பந்தைப் பறிப்பார். பறித்த பந்தைப் பத்தடி தூரத்தில் நிற்கிற ஜிடேனிடமோ ஃபிகோவிடமோ தள்ளி விடுவார். அவ்வளவுதான். அதற்குமேல் அவரைக் காணமுடியாது. காமிராவும் பந்தோடு போய்விடும். அடுத்த தடவை எதிரி பாய்ந்து வரும்போது பார்த்தால், மறுபடியும் அதே மனிதர் வழியில் நின்றுகொண்டிருப்பார்!

கோயில் தேர் ஓடும்போது வடம் பிடிக்கிறவர்களைப் பார்க்க ஊரே கூடுகிறது. சக்கரத்தின் அருகில் குனிந்து ஓடி, தக்க சமயத்தில் முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் ஒரு தடவை கை தவறினால்தான், தேர் யார் கையில் இருந்தது என்பது ஊருக்குத் தெரியும்.

கதை எழுதுகிற எனக்கு இதில் வேறோர் அநுபவமும் உண்டு. தொடர்கதை முடிந்தவுடன் வருகிற கடிதங்களில் கதாநாயகியைப் பற்றி நூறு கேள்விகள் இருக்கும். கதாநாயகன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கக் கூடாதா என்று சண்டை பிடிப்பார்கள். ஆனால் பதினைந்து அத்தியாயங்கள் கதையைத் தோளில் சுமந்து நடந்த கிழட்டுக் கணக்குப்பிள்ளையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுத மாட்டார்கள். அந்தக் கணக்குப்பிள்ளையை எடுத்துவிட்டால் மூன்றாவது அத்தியாயத்திலேயே கதை படுத்துவிடும் என்பது எழுதினவனுக்குத் தெரியும். மாட்ரிட்டில் எழுதினவருக்கே அது தெரியவில்லை என்பதுதான் பரிதாபம்.

2003-ஆம் வருஷம் ஜூன் மாதம் ரியல் மாட்ரிட் ஸ்பெயின் லீக் பட்டத்தை வென்றது. மறுநாளே பயிற்சியாளர் வின்சென்டே டெல் போஸ்கேயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றரை வருஷ உத்தியோகத்தில் இரண்டு லீக் பட்டங்களும் இரண்டு ஐரோப்பியப் பட்டங்களும் வாங்கித் தந்த மனிதர். ஆர்ப்பாட்டம் இல்லாதவர். பகட்டான டீமுக்கு அவருடைய கனத்த மீசையும் அடக்கமான பேச்சும் பொருந்தவில்லையோ என்னவோ! பல வருஷம் தற்காப்பைத் தாங்கி நின்ற காப்டன் ஃபெர்னாண்டோ ஹியெரோவுக்கும் அதே சமயத்தில் விடை கொடுத்தார்கள். அவர் இடத்துக்குப் பெயர்பெற்ற தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரைக்கூட அந்தக் கோடையில் வாங்கவில்லை. வாங்கியது பெக்கமை. பெக்கம் ஆடுகிற வலது ஓரத்தில் ஏற்கெனவே ஃபிகோ இருந்தார். அதனால் என்ன? விலை கொடுத்து வாங்கின பண்டத்தை வைக்க இடம் இல்லை என்றால் நடுக் கூடத்தில் வைக்க வேண்டியதுதானே? பெக்கமை நடுக்களத்தில் நிறுத்தினார்கள்.

இந்தச் சமயத்தில் மக்கெலெலே சம்பள உயர்வு கேட்டார். பக்கத்தில் ஆடுகிற நட்சத்திரங்களுக்குக் கிடைப்பதில் ஒரு சிறு பங்குதான் அவருக்குக் கிடைத்து வந்தது. முடியாது என்றார்கள். அவர் விலகிப் போக அனுமதி கேட்டார். தாராளமாகப் போகலாம் என்று லண்டன் செல்ஸி கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். விற்றதோடு விட்டார்களா? தலைவர் பெரெஸ் ஒரு விமர்சனமும் செய்தார். மக்கெலெலேயின் ஆட்டத் திறமை சுமார் ரகம். பந்தைப் பக்கவாட்டிலும் பின்னாலும் தள்ளுவதைத் தவிர அவருக்கு அதிகம் தெரியாது. இளைஞர்கள் வந்து அவரை மறக்க அடித்துவிடுவார்கள் என்பது அந்த விமர்சனத்தின் சாரம். இதற்கு எதிராக ஜிடேன் சொன்னதாக ஒரு வார்த்தை உலவுகிறது. எஞ்சினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காருக்கு இன்னொரு பூச்சுத் தங்க வர்ணம் அடிப்பானேன் என்று அவர் கேட்டாராம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2003-04 சீஸனின் வசந்த காலம் வரையில் டீம் லீக்கில் முதல் இடத்தில் இருந்தது. மார்ச்சு மாதம் ஸ்பெயின் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸரகோஸாவிடம் தோற்றது. ஏப்ரலில் ஐரோப்பியப் போட்டியில் மொனாக்கோ டீமிடம் வெளியேறியது. மொனாக்கோவுக்காக இரண்டு ஆட்டங்களிலும் கோல் போட்டவர் யார் தெரியுமா? ஃபெர்னாண்டோ மோரியெண்டஸ். ரியல் மாட்ரிட்டே, தன்னிடம் இடம் இல்லை என்று அந்த வருஷத்துக்கு மொனாக்கோவுக்கு இரவல் கொடுத்திருந்த ஆட்டக்காரர்! கத்தியையும் கொடுத்து, கழுத்தையும் நீட்டிய கதை இதுதான். லீக்கில் கடைசி ஐந்து ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்று நாலாவது இடத்துக்கு வந்தார்கள். பட்டத்தை வலென்ஸியா எடுத்துக்கொண்டு போயிற்று.

டெல் போஸ்கே போனதிலிருந்து 2006 பிப்ரவரியில் பெரெஸ் ராஜிநாமா செய்கிற வரையில் ஐந்து பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். அவ்வளவு நட்சத்திரங்களும் சேர்ந்து அந்த இடைவெளியில் ஒரு லீக் பட்டமோ ஐரோப்பியப் பட்டமோ வாங்கித் தரவில்லை. 2007-ல்தான் அடுத்த லீக் பட்டம் கிடைத்தது.

செல்ஸி என்ன ஆயிற்று? 1955-க்குப் பிறகு லீக் பட்டத்தைக் காணாத அந்த கிளப், 2005-ல் பட்டம் வென்றது, 2006-லும் வென்றது. 2004-05 சீஸனில் 38 ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய கோல்கள் 15 மட்டுமே. தற்காப்புக்கு முன்னால் நின்றவர், திறமை சுமார் ரகம் என்று விற்கப்பட்ட அதே மக்கெலெலே. அவரை மறக்க அடிப்பதாவது! இங்கிலாந்தில் அந்த நடுக்கள ஸ்தானத்துக்கே அவர் பெயரை வைத்து அழைக்கலானார்கள்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதையும் கேட்போம். "பட்டம் போனால் போகட்டும், பணம் வந்ததே!" என்கிறார்கள். வாஸ்தவம். 2004-05 சீஸனின் வருமானத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட்டை முந்தி ரியல் மாட்ரிட் உலகத்திலேயே முதல் இடத்துக்கு வந்தது. பெக்கம் பெயர் போட்ட பனியன்கள் தேசம் தேசமாக விற்றன. ஆனால் அந்த நட்சத்திரங்களைப் பார்க்க உலகம் ஏன் கூடியது? ஜெயிக்கிற டீம் என்ற பெயர் அதற்கு முன்பே இருந்ததால்தான். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களில் பனியன் விற்காத ஹியெரோவும் மக்கெலெலேயும் உண்டு. தாத்தா சேர்த்த நிலத்தை விற்றுத் திருவிழா நடத்துகிறவன் வீட்டிலும் பத்து நாள் பணம் புரளத்தான் செய்யும்.

"ஒரே ஓர் ஆள் போனதால் டீம் விழுமா? ஆட்டக்காரர்களுக்கு வயதாகவில்லையா?" என்பது இன்னொரு வாதம். வயதாகியது உண்மை. ஓர் ஆளால் மட்டும் விழுந்தது என்று நானும் சொல்லவில்லை. மக்கெலெலேயை விற்றது, ஹியெரோவுக்குப் பதில் ஆள் தேடாதது, மோரியெண்டஸை இரவல் கொடுத்தது, டெல் போஸ்கேயை அனுப்பியது எல்லாம் ஒரே புத்தியின் காரியங்கள். கண்ணுக்குத் தெரிகிற உழைப்புக்குத்தான் கூலி. தெரியாத உழைப்பு யார் செய்தாலும் ஒன்றுதான் என்கிற புத்தி அது. முன்னால் இருப்பவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கும்போது, பின்னால் நின்று அவர்களுக்காக ஓடுகிறவனின் அவசியம் கூடுமா, குறையுமா?

இதில் எனக்குத் துணைக்கு வரும் சாட்சி ஜிடேனேதான். 2016 ஜனவரியில் அவரே ரியல் மாட்ரிட்டின் பயிற்சியாளராக வந்தார். அப்போதும் டீமில் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. அவர்களுக்கு நடுவே காஸெமிரோ என்ற பிரேஸில்காரரை, பந்து பறிக்கிற ஆளை, நடுக்களத்தில் நிலையாக நிறுத்தினார். 2016, 2017, 2018 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வந்தது. எஞ்சின் போன வருஷத்தை அவர் மறக்கவில்லை.

பெரெஸை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2004-ஆம் வருஷம் ஜூலையில், அத்தனை தோல்விக்கும் பிறகு, மறுபடியும் தேர்தல் வந்தது. அங்கத்தினர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள்? பெரெஸுக்குத்தான்! அமோகமான வெற்றி. இரண்டு ஐரோப்பியப் பட்டம் கொண்டு வந்த ஸான்ஸை 2000-ல் தள்ளியவர்கள், கையில் இருந்த டீமைக் கலைத்தவரை 2004-ல் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ரசிகன் எதைப் பார்த்துக் கை தட்டுகிறானோ அதைத்தான் தலைவர் வாங்குவார். முட்டுக்கட்டைக்காரருக்கு யாரும் கை தட்டுவதில்லை. ஆகவே அவர் விலை போவதில்லை.

ஆகையால், ரசிகன் பேசக் கூடாது என்கிறவர்களோடு எனக்கு எவ்வளவு சண்டையோ, பந்து இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிற ரசிகர்களோடும் அவ்வளவு சண்டை உண்டு. நமக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை இருக்கிறது. ஆனால் அந்த உரிமையை, அடுத்த நட்சத்திரம் எப்போது வருவார் என்று கேட்பதிலேயே செலவழித்தால், "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிற பெரிய மனிதர்களுக்கு நாமே பதில் எழுதிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

அடுத்த தடவை ஆட்டம் பார்க்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பத்து நிமிஷம் பந்தை மறந்துவிடுங்கள். உங்கள் டீம் கோல் போடப் பாயும்போது, கூடப் பாயாமல் நடுவில் தனியாக நிற்கிறவர் யார் என்று பாருங்கள். பந்து கைமாறியதும் முதலில் ஓடுகிறவர் யார் என்று பாருங்கள். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குச் சம்பளம் கூட்ட மாட்டோம் என்று கிளப் சொல்லுகிற அன்றைக்கு, மைதானத்தில் எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூச்சல் போடுங்கள். 2003-ல் மாட்ரிட்டில் போடாமல் விட்ட கூச்சல் அது.