வெயில் இலவசம், சாதனம் இலவசமல்ல

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாடு நம்முடையது. அந்த வெயிலைக் கொண்டு மொட்டை மாடியிலேயே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளலாம் என்றால் வேண்டாம் என்பவர் யார்? 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையில் செய்து காட்டிய சிலிக்கன் சூரிய மின்கலம், தன் மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் சோலார் பேனல்கள் 20 பங்குக்கு மேல் ஆக்குகின்றன. விலையும் வெகுவாக இறங்கியிருக்கிறது. இது வரவேற்க வேண்டிய வளர்ச்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால் "இனி உங்கள் கரண்ட் பில் பூஜ்யம்" என்று கூறும் விளம்பரத்தைக் கண்டதும், பணி ஓய்வில் கிடைத்த சேமநிதிப் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவது விவேகமாகாது. முதலில் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத இடம் ஏறக்குறைய 100 சதுர அடி தேவை. அது நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் கொடுக்கும். ஆகவே 3 கிலோவாட் அமைத்தால் இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட் கிடைக்கும். மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூரிய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் உயராது. வேலை முடிந்து மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகே அது வங்கிக் கணக்குக்கு வரும். முழுப் பணத்தையும் முதலில் புரட்ட வேண்டியவர் வீட்டுக்காரரே என்பதை மறக்கலாகாது.

இப்போது லாபத்தைப் பார்ப்போம். 3 கிலோவாட்டுக்கு 1,80,000 ரூபாய் செலவென்று வைத்துக்கொண்டால், மானியம் போகக் கைப்பணம் 1,02,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 4,000 ரூபாய் கட்டி வந்த குடும்பத்துக்கு அதில் 3,000 ரூபாய் மிச்சமாகுமானால், வருஷத்துக்கு 18,000 ரூபாய். போட்ட முதல் ஆறு வருஷத்துக்குள் திரும்பிவிடும். பேனலோ 25 வருஷம் உழைக்கக்கூடியது. இடையில் ஒரு முறை இன்வெர்ட்டரை மாற்ற நேரும், அப்படியும் லாபமே.

ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதையொட்டியே செலவழிக்கும் சிறு குடும்பம் பேனல் போட்டு மிச்சப்படுத்துவதற்கு என்ன இருக்கிறது? 500 யூனிட்டைத் தாண்டி, உயர்ந்த கட்டணம் செலுத்துகிறவர்களுக்கே இந்தக் கணக்கு நன்றாகப் பலிக்கும்.

அடுத்தது பேட்டரி விஷயம். பலர் ஏமாறுவது இங்கேதான். பேனல் போட்டுவிட்டால் மின்வெட்டிலும் விளக்கு எரியுமென்று நம்புகிறார்கள். எரியாது. மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேனின் உயிரைக் காக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் விளக்கு வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியே வாங்க வேண்டும். பேட்டரிக்கு இந்த மானியம் கிடையாது.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி ஒன்றில் அடங்குவது 1.8 யூனிட். அது நீடித்து உழைக்க வேண்டுமானால் பாதியைத்தான் செலவழிக்கலாம். நான்கு மின்விசிறியும் சில விளக்குகளும் ஓடினால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சில வருஷங்களில் பேட்டரியையே மாற்றவும் வேண்டும். லித்தியம் பேட்டரி நெடுநாள் உழைக்கும், விலை அதிகம். பேட்டரி வகையில் இன்னொரு லட்சம் சேர்ந்தால், முதல் திரும்ப ஆகும் காலம் ஆறு வருஷத்திலிருந்து பதினொன்றாகும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரிலும், நோயாளிக்குக் கருவி ஓடும் வீட்டிலும் அந்தச் செலவு நியாயமே. எப்போதோ அரை மணி நேரம் மின்சாரம் போகும் இடத்தில் அது வீண் பாரம்.

ஆகவே சாதனம் விற்போர் பேனல், இன்வெர்ட்டர், தாங்கு சட்டம், இருவழி மீட்டர், பேட்டரி ஆகிய ஒவ்வொன்றின் விலையையும், உத்தரவாத காலத்தையும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். புயற்காற்றைத் தாங்கும்படி சட்டம் பொருத்துவதாகவும் உறுதி தர வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கொடுக்கலாகாது.

சர்க்காரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த மாடி உள்ளவருக்கே இந்தச் சலுகை எளிதில் எட்டுகிறது. வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் வாழ்வோருக்கு மாடி தமக்கென்று இல்லை. பல குடும்பங்கள் கூடி ஓரிடத்தில் பேனல் அமைத்து, விளைந்த யூனிட்டை அவரவர் கணக்கில் பங்கிட்டுக்கொள்ள எங்கும் எளிய வழி செய்ய வேண்டும். சூரியன் எல்லோர் வீட்டுக்கும் பொதுவாகவே காய்கிறான்; அவனால் வரும் நன்மையும் பொதுவாக இருப்பதே முறை.