தொலைவை மறைக்கும் எளிமை

எளிமைக்கு எதிராகப் பேசுபவரை யாரும் விரும்புவதில்லை. ஆயினும், வலைப்பின்னலில் இணைந்த பல கணினிகளை ஒரே கணினி போல நிரலருக்குக் காட்டிவிட்டால் போதும் என்னும் எளிமையை நாம் மறுத்தே ஆகவேண்டும்.

1984இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆண்ட்ரூ பிரலும் புரூஸ் நெல்சனும் தொலைச் செயல்முறை அழைப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேறொரு கணினியில் உள்ள நிரற்பகுதியைத் தன் கணினியில் இருப்பதைப் போலவே நிரலர் அழைக்கலாம். அதன் அருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. தொடர்பு அறுந்தால் அதைத் தெரிவிக்கும் வழியையும் அவர்கள் வைத்திருந்தார்கள். பின்வந்தோரில் பலர் வசதியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையைக் கைவிட்டார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு.

கடிதம் எழுதுகிறோம், பதில் இல்லை. கடிதம் போய்ச் சேரவில்லையா, பதில்தான் வழியில் தொலைந்ததா? ஒருவர் கணக்கிலிருந்து பணத்தை மாற்றச் சொல்லும் நிரலும் இப்படித்தான் இருட்டில் நிற்கிறது. மீண்டும் கேட்டால் பணம் இருமுறை போகலாம். கேட்காவிட்டால் ஒருமுறைகூடப் போகாமல் இருக்கலாம். ஒரே கணினிக்குள் நிகழும் அழைப்பில் இந்த ஐயத்துக்கு இடமில்லை. இயந்திரம் நின்றால் அழைத்ததும் அழைக்கப்பட்டதும் சேர்ந்தே நிற்கும். 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜிம் வால்டோவும் உடன் எழுதிய மூவரும் இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது என்று தெளிவாகவே வாதிட்டார்கள். வேகத்தில் உள்ள வேறுபாடு ஒருபுறமிருக்க, பாதி மட்டும் செத்துப்போகும் அமைப்பே உண்மையான சிக்கல் என்பது அவ்வாதத்தின் சாரம்.

அப்படியானால் நிரலரின் சுமையைக் குறைக்கவே கூடாதா? குறைக்கலாம். 2004இல் கூகிளின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் விவரித்த மேப்ரெட்யூஸ் அதற்குச் சான்று. நிரலர் இரண்டே சார்புகளை எழுதினால் போதும். ஆயிரக்கணக்கான கணினிகளில் சில கெடும் என்பதை அது முதலிலேயே ஏற்றுக்கொண்டது. கெட்டதன் பங்கை இன்னொரு கணினி திரும்பச் செய்தது. திரும்பச் செய்தாலும் கேடில்லாத வேலைகளுக்கு என்று தன்னை வரையறுத்துக்கொண்டதால்தான் அது முடிந்தது.

ஆகவே எளிமை என்று எதைக் கொண்டுவந்தாலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: பதில் வராதபோது என்ன செய்வீர்கள்? அதற்கு மறுமொழி இல்லாத கருவியின் விலையைச் செலுத்துபவர் அதைச் செய்தவர் அல்லர். கணக்கில் பணத்தை இழந்து நிற்பவரே.