டிரெய்லர் மாட்டினால் லைசென்ஸ் செத்துப்போகுமா?



டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் இருக்கு. பின்னாடி டிரெய்லரில் கரும்போ நெல்லோ ஏற்றிவிட்டால் "இது செல்லாது, தனி லைசென்ஸ் எங்கே?" என்று மடக்குகிறார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதே பாட்டைத்தான் பாடுகிறது. பிரீமியம் வாங்கும்போது மட்டும் வாய் திறப்பதில்லை!

டிரெய்லர் மாட்டியதாலேயே டிராக்டர் லைசென்ஸ் செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே நாகஷெட்டி வழக்கில் சொல்லிவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகளும் உறுதி செய்தார்கள். லைசென்ஸே இல்லாதவனுக்கு உரிய அபராதத்தை நம் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

ரிப்ளெக்டர் ஒட்டு, அளவுக்கு மேல் ஏற்றாதே என்றால் சரி, அது நம் உயிருக்கு. லைசென்ஸைக் காட்டிய பிறகும் பைன் போட்டால், எந்தப் பிரிவு என்று ரசீதில் எழுதிக் கேளுங்க. ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீங்க!