குதிரையும் கோலமும்

கடலூர், சிதம்பரம் ஆகிய நம் இரு நகரங்களிலும் இக்காலத்தில் உயிருள்ள குதிரையொன்றைக் காண விரும்புவோர் பெரும்பாலும் ஒரு கலியாண ஊர்வலத்தை எதிர்பார்த்து வீதியோரம் நிற்க வேண்டியதாகின்றது. மற்றபடி நாம் காண்பன, ஐயனார் கோயில் வாயிலில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளும், தேரின் முகப்பில் பாய்ந்து நிற்கும் மரக்குதிரைகளுமேயாம். ஊர்வலத்தில் வரும் குதிரைக்கோ ஜிகினாப் போர்வையும், தலையில் இறகுக் கொத்தும், கழுத்தில் மணிச்சரமும் குறைவின்றி உண்டு. அதன் கடிவாளத்தைப் பிடித்து வருபவருக்கும் அவ்வாறே வாடகைக்கு எடுத்த சிவப்பு அங்கியும், எந்த நாட்டுக்குரியதென்று எவராலும் சொல்லவொண்ணாத ஒரு தலைப்பாகையும் அணிவிக்கப்பட்டிருக்கும். காண்போர் குதிரையைப் புகழ்வர். அங்கியைப் பார்த்துச் சிரிப்பர். அதனுள் இருக்கும் மனிதரையோ எவரும் நோக்கார். இக்கோலம் யாருடையது, யாருக்காக இடப்படுவது, இதற்காகும் பொருள் குதிரையின் வயிற்றுக்கும் குளம்புக்கும் ஏதேனும் உதவுகின்றதா என்பவற்றை ஆராய்ந்து நமது அபிப்பிராயத்தை வெளியிடுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

தமிழகம் குதிரை பிறக்கும் நாடன்று. பண்டைக்காலந் தொட்டே அது கடல் வழியாக வந்திறங்கிய விலங்கு. மாணிக்கவாசகர் சரிதத்தை அறியாதார் நம் பக்கத்தில் இலர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கும்பொருட்டுப் பொன்னோடு புறப்பட்ட அமைச்சர், அப்பொன்னைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டனர் என்பதும், நரிகள் பரிகளாகி மீண்டும் நரிகளாயின என்பதும், அவர் முடிவில் தில்லையில் கலந்தனர் என்பதும் நாம் சிறுவயதிலேயே கேட்டவை. இக்கதையில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. ஓர் அரசன் தன் பொக்கிஷத்தையும் மந்திரியையும் கடற்கரைக்கு அனுப்புமளவுக்குக் குதிரை அருமைப்பட்ட பொருளாயிருந்தது என்பதே அது.

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாணிகம் எவ்வளவு பெரிதாயிருந்தது என்பதைப் பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாப் கூறுகின்றனர். கீஷ் தீவிலிருந்து மாத்திரம் ஆண்டுதோறும் 1400 குதிரைகள் பாண்டி நாட்டுக்கு அனுப்பப்பட வேண்டுமென்று ஒப்பந்தம் இருந்ததாம். குதிரையொன்றின் விலை 220 செம்பொன் தினாராம். அக்காலத்திலேயே காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் அவற்றில் 100 கூட எஞ்சுவதில்லை என்று எழுதியுள்ளார். காரணமாக அவர் காட்டுவது, குதிரையைப் பேணும் முறையை இந்நாட்டார் அறியாமையும், லாடம் அடித்து வைத்தியம் பார்க்க வல்லார் இங்கு இல்லாமையுமேயாம். குதிரை விற்கும் வணிகர் அத்தகையோரை இங்கு வரவொட்டாமல் தடுத்தனர் என்றும் அவர் சேர்த்துச் சொல்கின்றார். குதிரை சாகச் சாகத்தானே புதுக்குதிரை விலை போகும்! யாத்திரிகர் கணக்கில் சிறிது மிகை இருக்கலாம். ஆயினும், பொன்னைக் கொட்டி வாங்குவதில் காட்டிய ஊக்கத்தை வாங்கியதைப் பேணுவதில் நம் முன்னோர் காட்டவில்லை என்னும் குற்றச்சாட்டு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஜிகினாப் போர்வையின் கீழே வார் உராய்ந்த புண்ணோடு நடந்து செல்லும் கலியாணக் குதிரையைக் காணும்போதெல்லாம் நமக்கு இம்மார்க்கோ போலோவின் நினைவு வருகின்றது.

நிற்க. அரசனுக்கும் ஆண்டவனுக்குமே உரித்தாயிருந்த குதிரை ஏழையின் வீட்டு முற்றத்துக்கு வந்தது ஜட்கா வண்டியினால். இரயில் வந்து, நிலையத்திலிருந்து கோயிலுக்கும் கச்சேரிக்கும் போக வாகனம் வேண்டியிருந்த காலத்தில், ஒற்றைக் குதிரை பூட்டிய அவ்வண்டி தமிழ்நாட்டு நகரங்களிலெல்லாம் ஓடிற்று. வயது முதிர்ந்த பழைய மாணாக்கர் பலர் பெட்டியும் படுக்கையுமாக முதன்முதல் கல்லூரிக்கு வந்திறங்கியது அதில்தான். வைக்கோல் பரப்பிய அதன் உட்புறத்தில் தலை இடியாமல் உட்காருவதே ஒரு வித்தை. ஜட்கா நிற்குமிடம் ஒரு சிறு சமுதாயமாகவே இருந்தது. அங்கே முகம்மதியரும் இந்துக்களும் கலந்திருந்தனர். ஒருவர் குதிரைக்குக் கொள்ளு இல்லையெனில் மற்றொருவர் பையிலிருந்து கடன் போகும். ஒருவர் குதிரை நொண்டினால் பத்துப் பேர் குனிந்து குளம்பைப் பார்ப்பர். ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனமும், குதிரையின் நெற்றிக்குக் குங்குமமும், கழுத்துக்குச் சாமந்தி மாலையும் ஏறும். உடையவரும் அன்று வெளுத்த வேஷ்டியும் புதுத் துண்டுமாக நிற்பர். அவர்களுக்கு அதுவே திருவிழாக் கோலம். அதில் வாடகைச் சரக்கு ஒன்றும் இல்லை. மோட்டார் வண்டியும் ஆட்டோ ரிக்ஷாவும் வந்தபின் ஜட்கா மறைந்தது, அந்நிலையங்களும் கலைந்தன. லாடம் அடிப்பவர் முதலில் தொழிலை விட்டனர். எஞ்சிய சில குதிரைக்காரருக்குக் கலியாண மாதங்களை விட்டால் வருவாய் அரிது.

குதிரை வளர்ப்போர் பெருங்கூட்டமாக ஒன்று சேருவதைத் தமிழ்நாட்டில் காண வேண்டுமாயின், ஈரோட்டு ஜில்லாவிலுள்ள அந்தியூருக்கு ஆடி மாதத்தில் செல்ல வேண்டும். அங்கே குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடுகின்றன. திப்பு சுல்தான் காலந்தொட்டு நடந்து வருவதென்று அப்பக்கத்தார் சொல்வர். செவிகளின் நுனி ஒன்றையொன்று நோக்கி வளைந்த மார்வாடி, கத்தியவாடிக் குதிரைகளும், வெண்ணிற நுக்ராக் குதிரைகளும் அங்கு வருவன. விற்க வருவோரினும் காட்ட வருவோரும் காண வருவோருமே மிகுதி. குதிரையின் சுழி பார்த்து நன்மை தீமை சொல்வோர் ஒருபுறம். பல்லைப் பார்த்து வயது சொல்வோர் மற்றொருபுறம். சுழியைக் காட்டிலும் பல்லே மெய் பேசும் என்பது நம் கருத்து. ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் குதிரைக்காரர், சென்ற ஆண்டு கண்ட குட்டி இவ்வாண்டு எப்படியிருக்கின்றது என்று விசாரிப்பதில், உறவினர் வீட்டுக் குழந்தையை விசாரிக்கும் வாஞ்சை தோன்றும். ஆனால், மேளத்துக்கேற்பக் குதிரையை ஆடச் செய்தலும், கட்டில்மேல் ஏற்றி நிறுத்தலும் அங்கு பெருங் கைதட்டல் பெறும் காட்சிகள். குதிரை தானே விரும்பிக் கட்டிலேறுவதில்லை. அதற்கு முன் கடிவாளமும் சவுக்கும் எவ்வளவு பேசியிருக்கும் என்பதைக் கைதட்டுவோர் எண்ணுவதில்லை.

இனி, தூர தேசமொன்றை நோக்குவோம். நார்வே நாடு நமக்கு அத்துணை அந்நியமன்று. நம் சிதம்பரத்துக்குத் தெற்கே சில மணி நேரப் பயணத்திலுள்ள தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்தது. 1814 வரை டென்மார்க்கின் அரசரே நார்வேக்கும் அரசர். அந்நார்வேயின் மேற்குக் கரையில், கடல் மலைகளுக்கிடையே நுழைந்த நீர்நிலைகளுக்கு பியோர்டு என்று பெயர். அங்குள்ள குடியானவர் உழவுக்கும் பாரத்துக்கும் வளர்த்த சிறு குதிரையே பியோர்டுக் குதிரை. நிறம் பெரும்பாலும் வைக்கோல் போன்ற மங்கிய பழுப்பு. பிடரிமயிரின் நடுவே கருமை, இருபுறமும் வெண்மை. அதனைக் குட்டையாகக் கத்தரித்தால் நிமிர்ந்து நிற்கும். நடுக்கருமை தெரியும்படி வெளிமயிரைச் சற்றுத் தாழ்வாக வெட்டுவது அவர்கள் வழக்கம். குதிரைக்கு அவர்கள் இடும் முதல் அலங்காரம் இதுவே. செலவு ஒரு கத்தரிக்கோல்தான்.

இக்குதிரையை வளர்ப்போர், நார்வேயிலாயினும் அமெரிக்காவில் குடியேறியவர் நடுவிலாயினும், கண்காட்சிகளில் வண்டி பூட்டி வருகையில் சிலர் புனாத் என்னும் பழங்குடியானவர் உடையை அணிந்து வருவர். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு புனாத். பூவேலையைக் கண்டே அணிந்தவர் எவ்வூர்க் குடும்பத்தவர் என்று சொல்லலாம். அவ்வுடை முழுவதும் தொன்றுதொட்டு வந்ததென்று எண்ணுதல் தவறு. ஹுல்டா கார்போர்க் என்னும் பெண்மணி 1903இல் நூல் எழுதி, மறைந்து கொண்டிருந்த நாட்டுப்புற உடைகளை ஆராய்ந்து, இக்காலத்தார் அணியத்தக்கவாறு திருத்தியமைக்கத் தூண்டினர். 1905இல் நார்வே சுவீடனிலிருந்து பிரிந்து தனியரசானபோது அவ்வுடை தேசாபிமானத்தின் சின்னமாயிற்று. இன்றும் மே 17ஆம் நாள் கொண்டாட்டத்தில் வீதிகள் அவ்வுடையால் நிறைகின்றன. ஊசிவேலை ஒரு தையல் பிசகினும் குறைகூறுவோரும் அங்குளர். அவர்களை 'புனாத் போலீஸ்' என்று மற்றையோர் கேலி செய்வர்.

நம்மவர் அனைவரும் நாளையே ஒரு சீருடை தைத்துக்கொள்ள வேண்டுமென்பதற்காக நாம் இதனைக் கூறவில்லை. தாம் வளர்க்கும் விலங்கோடு பொதுமக்கள் முன் வரும் ஒருவர் தம் மண்ணுக்கும் தொழிலுக்கும் ஏற்ற உடையோடு வருவது வீண் பகட்டாகாது என்பதே நாம் வற்புறுத்துவது. மாட்டுப் பொங்கலன்று நம் கிராமத்துக் குடியானவர் கொம்புக்கு வர்ணம் பூசி, புதுக் கயிறு மாற்றி, தாமும் குளித்து வெள்ளுடை உடுத்து மாட்டின் பக்கத்தில் நிற்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். அந்நிலையில் ஒரு கண்ணியம் உண்டு. கலியாணக் குதிரைக்காரரின் சிவப்பு அங்கியில் அது இல்லை. அவ்வங்கி அவரைக் குதிரையின் உடையவராகக் காட்டவில்லை. மணவீட்டாரின் அலங்காரப் பொருள்களுள் ஒன்றாக்கி விடுகின்றது.

"ஏழைக் குதிரைக்காரன் என் செய்வான்? கேட்பதைக் கொடுத்தால்தானே கூலி?" என்று அன்பர் சிலர் வினவலாம். மெய்தான். ஆகவே குற்றத்தை அவர்மேல் சுமத்த நாம் ஒருப்படோம். கேட்போர் யாவர்? பெரும்பாலும் படித்தவர்களாகிய நாம்தாமே. நம் வீட்டு ஊர்வலத்துக்குக் குதிரை பேசும்போது இறகுக் கொத்து உண்டா, ஆட்டம் ஆடுமா என்று கேட்கிறோம். லாடம் அடித்து எத்தனை நாளாயிற்று, சேணத்தின் கீழே புண் உண்டா, இரவு எத்தனை மணி வரை நிற்க வேண்டும், தண்ணீர் யார் வைப்பது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? விலங்குகளை வதைத்தலைத் தடுக்கும் சட்டம் 1960 முதல் நாட்டிலுண்டு. ஆயினும் வெடிச்சத்தத்தின் நடுவே நடுங்கி நிற்கும் குதிரைக்குச் சட்டப் புத்தகம் துணைக்கு வாராது. அன்று பணங்கொடுப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் வெடி நிற்கும்.

உடையைப் பற்றிப் பேசுங்கால் மற்றொன்றையும் மறைத்தல் தகாது. இன்ன உடை இன்னார்க்கு உரியது என்னும் பேச்சு நம் நாட்டில் அலங்காரத்தோடு நின்றதில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரப் பகுதியில், ஆதிதிராவிடர் பொன் வெள்ளி நகை அணியலாகாது, சட்டையணியலாகாது, குடை பிடித்தலும் செருப்பணிதலும் ஆகா என்று ஒரு சாரார் 8 தடைகளை விதித்தனர். 1931இல் அவை 11 ஆயின. அவற்றுள் ஒன்று, தாலி கட்டுமுன் மணமகன் குதிரைமேல் ஊர்வலம் வரும் வழக்கத்தை விட வேண்டும் என்பது. அவ்வாண்டுக் குடிக்கணக்கு அதிகாரியாயிருந்த ஹட்டன் தம் நூலில் இவற்றை வரிசையாகக் குறித்துள்ளார். நூறாண்டு நெருங்கியும் குதிரையேறிய மணமகனை இறக்கிவிட்ட செய்திகள் வடநாட்டிலிருந்து வருகின்றன. நந்தனார் பெயரால் சுவாமி சகஜானந்தர் 1916இல் கல்வி நிலையம் தொடங்கிய சிதம்பரத்தில் இருந்துகொண்டு, குதிரையின் கோலத்தை மாத்திரம் மெச்சி, அதன்மேல் ஏறவொட்டாது தடுக்கப்பட்டவரை மறப்பது நமக்கு அழகன்று. ஆகையால் நாம் விரும்பும் கோலம், வட்டாரத்துக்கேற்றதாயிருக்கலாம், சாதிக்கேற்றதாயிருத்தல் கூடாது. புனாத் போலீஸார் இங்கு வேண்டா. நம்மிடம் அவ்வித உத்தியோகத்துக்கு ஏற்கெனவே ஆட்கள் மிகுதி.

இவ்வளவும் எழுதியபின், செய்யத்தக்கது ஒன்றை நம் கல்லூரிச் சமூகத்தார் முன் வைக்கிறோம். தை மாதத்தில், மாட்டுப் பொங்கலை அடுத்த ஒரு விடுமுறை நாளில், கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலோ சிதம்பரத்தில் வசதியான ஓரிடத்திலோ, இவ்விரு நகரங்களைச் சுற்றியுள்ள குதிரைக்காரரையும் மாட்டுவண்டிக்காரரையும் அழைத்து ஒரு சிறு காட்சி நடத்தலாம். ஆட்டமும் ஓட்டமும் வேண்டா. பரிசுக்குரிய மதிப்பெண் நூறாயின், அறுபது குளம்பு, பல், தோல், உடல் நிறை ஆகியவற்றுக்கு. முப்பது சேணமும் வாரும் கடிவாளமும் பொருந்தியிருத்தலுக்கு. எஞ்சிய பத்தே குதிரையின் அலங்காரத்துக்கும் உடையவரின் உடைக்கும் ஆகுக. வாடகை உடைக்கு மதிப்பெண் இல்லை. வெளுத்த வேஷ்டிக்கு முழு மதிப்பெண் உண்டு. பார்த்துச் சொல்வதற்குக் கால்நடை வைத்தியர் ஒருவரும், தொழிலறிந்த முதிய குதிரைக்காரர் இருவரும் போதும். மாணாக்கர் செய்ய வேண்டுவது, கணக்கெழுதுதலும் தண்ணீர் சுமத்தலும். பரிசு பணமாகவன்றி, ஓராண்டுக்கு லாடம் அடிக்கும் செலவாகவும் கொள்ளு மூட்டையாகவும் இருத்தல் நலம். வெயில் ஏறுமுன், காலை ஒன்பது மணிக்குள் முடித்து, விலங்குகளை நிழலுக்கு அனுப்பிவிட வேண்டும். தலைமையுரை எவ்வளவு நீளமானாலும் அதனை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.