முயலின் தீனியும் நஃபகாவே



ஒண்டிக்கடைப் பகுதியில் மக்தபுக்கு ஓத வரும் பிள்ளைகளுள் சிலர் முயல் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். பெற்றோர் சிலர், "ஓதுகிற நேரம் வீணாகும்" என்கின்றனர். வேறு சிலர், "குட்டி போட்டுப் பெருகும், விற்றுக் காசு பார்க்கலாம்" என்கின்றனர். இவ்விரு பேச்சிலும் முயலைப் பற்றிய கவலை இல்லை. பிள்ளைகளுக்கு முயல் வளர்ப்பை அவசியம் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் முதலில் அதை அமானிதமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். விளையாட்டும் வருமானமும் அதன் பிறகே.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், மனைவி மக்களுக்குரிய நஃபகாவைப் பேசும் பாடத்தின் இறுதியில் கால்நடைகளுக்குரிய நஃபகாவும் சொல்லப்பட்டுள்ளது. தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது கடமை. மறுப்பவர், அதை விற்கவோ, உண்ண ஆகுமான பிராணியானால் அறுக்கவோ கட்டாயப்படுத்தப்படுவார். பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்டதால் தண்டனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய ஹதீஸை நம் பிள்ளைகள் அறிவார்கள். அந்தப் பாடம் அமலாக மாற வீட்டில் ஒரு முயல் கூடு உதவும்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் குளிர்ச்சி முயலுக்கு ஏற்றது; கடும் வெப்பம்தான் அதற்கு ஆகாது. கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்திலும் ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா இன முயல்கள் வளர்க்கப்படுகின்றன. ஆனால் மூடுபனியும் மழையும் கூட்டை ஈரமாக்கிவிடும். ஈரத்திலும் எருவிலும் கிடக்கும் முயலுக்கு இரத்தக் கழிச்சல் நோய் எளிதில் தொற்றும். ஆகவே எரு கீழே விழும்படி கம்பிவலைத் தளம் அமைத்து, அமர்ந்து இளைப்பாற ஒரு பலகையும் வைக்க வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால், மென்று தேய்க்கப் புல்லும் தழையும் எப்போதும் வேண்டும். கல்யாணமுருங்கைத் தழையை அது விரும்பித் தின்னும். பனியில் நனைந்த தழையை உலர்த்தியே இட வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பின்னுடலைக் கையால் தாங்கியே தூக்க வேண்டும்.

சினைக்காலம் ஏறத்தாழ ஒரு மாதம். பிறந்த குட்டிகளுக்கு முடி இராது. கண் திறக்கப் பத்து நாள் ஆகும். தாய் நாளுக்கு ஓரிரு முறை, சில நிமிடங்களே பாலூட்டும். இதை அறியாத பிள்ளைகள், தாய் குட்டிகளைக் கைவிட்டதாக எண்ணிப் பெட்டியை ஓயாமல் கிளறுவார்கள். தொடாமல் பொறுத்திருப்பதும் பராமரிப்புதான் என்பதை அப்போது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முயல் இறைச்சி ஹலால். அபூதல்ஹா (ரழி) அறுத்து அனுப்பிய முயலின் தொடைகளை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை அனஸ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. எனினும், செல்லமாகவா இறைச்சிக்காகவா என்பதை வாங்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பெயரிட்டுக் கொஞ்சிய முயலை அவன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அறுத்துவிட்டு, "ஓடிவிட்டது" என்று சொன்னால், அவனுக்கு நாம் கற்றுக்கொடுப்பது பொய்யைத்தான். காட்டு முயலைப் பிடித்து வரவும் அனுமதிக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. சலித்துப்போன வளர்ப்பு முயலைத் தோட்டத்தில் விட்டுவிடுவதும் விடுதலை ஆகாது. நாய்க்கு இரையாக்குவதே ஆகும்.

தேர்வு நாளிலும் பெருநாள் காலையிலும் ஊருக்குப் போகும் வாரத்திலும் தீனி வைப்பவர் யார்? இதற்குப் பதில் இல்லாத வீடு முயல் வாங்க வேண்டாம். பதில் உள்ள வீட்டில், சுபுஹுக்குப் பின் கூட்டைக் கூட்டித் தண்ணீர் மாற்றிவிட்டு மக்தபுக்கு வரும் பிள்ளை, ஓதுகிற நேரத்தை வீணாக்கியவன் அல்லன். ஓதியதை நிறைவேற்றிவிட்டு வருகிறான்.

வாயற்ற பிராணிகளின் உரிமையைப் பேணுவோராக நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.